அழுகல் கடைசியில்தான் வந்தது: அரிசோனா சகுவாரோக் காட்டின் நிகழ்வு ஆய்வு

காக்டஸ் வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி காதில் விழும் புகார் இது: “நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு அழுகிப்போச்சு.” அழுகியது உண்மைதான். திடீரென்று என்பதைத்தான் நம்ப முடியாது. காக்டஸ் மெதுவாகத்தான் சாகும். நம் கண்ணில் படுவதுதான் திடீரென்று. இதே புகாரோடு ஒரு அரசாங்கமே ஒரு காட்டுக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட்ட கதை உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்குக் கிழக்கே, ரின்கோன் மலையடிவாரத்தில் நடந்தது. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கும் அதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கௌபாய் படங்களில் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்தக் காக்டஸ்தான் சகுவாரோ. தாவரவியல் பெயர் கார்னீஜியா ஜைஜான்டியா. தானாக வளர்வது சொனோரா பாலைவனத்தில் மட்டும்தான். 12 மீட்டர் உயரம் சாதாரணம். 150 முதல் 200 ஆண்டு வரை வாழும். ஆனால் தொடக்கம் படு மந்தம். விதை முளைத்து எட்டு ஆண்டு ஆன கன்று 3, 4 சென்டிமீட்டர்தான் இருக்கும். பூக்க முப்பத்தைந்து வயதாவது ஆக வேண்டும். முதல் கை முளைக்க ஐம்பது முதல் எழுபது ஆண்டு, மழை குறைந்த இடமென்றால் நூறு. ஒரு பழத்துக்குள் சுமார் 2,000 விதை இருக்கும். இப்படி வாழ்நாள் முழுக்கக் கோடிக்கணக்கில் விதை போட்டும், தன் இடத்துக்கு ஒரு வாரிசு தேறினாலே பெரிய காரியம்.

உடம்பு முழுக்க மேலிருந்து கீழாக மடிப்பு. மழை பெய்தால் ஹார்மோனியத் துருத்தி மாதிரி விரியும், வறட்சியில் சுருங்கும். தண்ணீரைக் குடிக்கும் வேர்களில் பெரும்பாலானவை 10, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே போவதில்லை. ஆணிவேர் ஒன்று இருக்கும், அதுவும் இரண்டடி சொச்சம். மற்ற வேர்களெல்லாம் மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் பக்கவாட்டில் ஓடும்.

காடு எப்படி இருந்தது

ரின்கோன் அடிவாரத்தில் சகுவாரோக்கள் நெருக்கமாக நின்ற ஒரு பரப்பு இருந்தது. ‘காக்டஸ் காடு’ என்றே அதைச் சொன்னார்கள். அரிசோனா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஹோமர் ஷான்ட்ஸ் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1933 மார்ச் 1 அன்று அதிபர் ஹூவர் அதைத் தேசிய நினைவிடமாக, அதாவது அரசே பாதுகாக்கும் இடமாக, அறிவித்தார். அன்று அங்கே நின்றவை அத்தனையும் பிரமாண்டமான, கைகள் நிறைந்த, வயதான மரங்கள். பார்க்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். அசந்துபோன கண்ணுக்கு ஒன்று படவில்லை: நடுத்தர உயரத்தில் மரமே இல்லை, கன்றும் இல்லை. ஊர் முழுக்கத் தாத்தா பாட்டி, பள்ளிக்கூடம் போக ஒரு பிள்ளை கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு என்ன ஆகும் என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

கன்று இல்லாமல் போனதற்குக் காரணம் காட்டுக்குள்ளேயே கிடந்தது. 1880களிலிருந்து அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன. டூசானில் கட்டடம் கட்டச் சுண்ணாம்பு வேண்டும், காளவாய் எரிக்க விறகு வேண்டும். சுற்றிலும் இருந்த மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்கள் அதற்குப் போயின. மெஸ்கீட் என்பது நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அந்தக் காளவாய்களின் இடிபாடுகளை இன்றும் நடைபாதை ஓரத்தில் பார்க்கலாம். விறகு போக மிச்சமிருந்த புதரையும் புல்லையும் மாடுகள் மேய்ந்தன, மிதித்தன.

சகுவாரோக் கன்றுக்கு இந்தப் புதர் மரங்கள்தான் தாதி. வெட்டவெளியில் விழுந்த விதை முளைத்தாலும் கோடை வெயிலில் கருகிவிடும், அல்லது எலியும் அணிலும் தின்றுவிடும். பாலோ வெர்டே நிழலில் முளைத்தது பிழைக்கும். அங்கே வெயில் பாதியாகக் குறையும். குளிர்கால இரவில் மேலே இருக்கும் கிளை ஒரு போர்வை மாதிரி தரையின் சூட்டைப் பிடித்து வைக்கும். பல பத்தாண்டு கழித்துக் கன்று பெரிதாகித் தாதி மரத்தை முந்திக்கொண்டு மேலே போய்விடும். பெரும்பாலும் தாதிதான் முதலில் சாகும். பாலைவனச் செடி என்றாலே பிறந்த நாள் முதல் மொட்டை வெயிலில் நிற்கும் என்று நினைக்கிறோமே, சகுவாரோ அப்படி இல்லை.

1941: வெட்டிப் புதைத்தல்

1930களின் கடைசியில் பெரிய மரங்கள் வரிசையாக விழத் தொடங்கின. தண்டில் முதலில் ஒரு கரும்புள்ளி. பிறகு அந்த இடம் கொழகொழவென்று ஆகி, தோல் வெடித்து, கரும்பழுப்புத் திரவம் வழியும். நாற்றம் தூரத்திலிருந்தே வரும். கடைசியில் சதை முழுக்கக் கரைந்து, உள்ளே இருக்கும் மரக்கழிகள் மட்டும் கூடாக நிற்கும். திரவத்தைப் பரிசோதித்தவர்கள் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 1942இல் அதற்கு எர்வினியா கார்னீஜியானா என்று பெயரும் வந்தது. தண்டைக் குடையும் ஒரு அந்துப்பூச்சியின் புழு அதைப் பரப்புகிறது என்றார்கள். கிருமி கிடைத்தாயிற்று, பரப்புகிற பூச்சியும் கிடைத்தாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

1941இல் வேலை தொடங்கியது. ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், ஒதுக்கினார்கள். அதில் பாதியில், 320 ஏக்கரில், அழுகல் தெரிந்த மரங்களையெல்லாம் வெட்டித் துண்டு போட்டுக் குழியில் புதைத்தார்கள். மறு பாதியை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டார்கள். அவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவது இந்த ஒரு காரியத்துக்குத்தான். நோயைப் பார்த்த பதற்றத்தில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளாமல் பாதியை விட்டுவைத்ததால்தான் பின்னால் உண்மை தெரிந்தது.

இரண்டு பாதியையும் இருபது ஆண்டுபோலத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். வெட்டிச் சுத்தம் செய்த பாதியிலும் மரங்கள் செத்துக்கொண்டே இருந்தன. இந்த வேகத்தில் போனால் நூற்றாண்டு முடிவதற்குள் காக்டஸ் காட்டில் சகுவாரோவே இருக்காது என்று 1962இல் ஒரு கணிப்பு வெளியானது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அந்தக் கணிப்பில் பிழை சொல்ல முடியாது. இறப்பை மட்டும் எண்ணினால் யாருக்கும் அந்த விடைதான் வரும்.

உண்மையில் நடந்தது என்ன

1937 ஜனவரியில் டூசான் பகுதியைக் கடும் உறைபனி தாக்கியது. சகுவாரோவின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வெப்பம் சில மணி நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போய், விடிந்ததும் வெயில் வந்தால் தாங்கும். நாள் முழுக்க உருகாமல் உறைநிலை நீடித்தால் திசுக்கள் செத்துவிடும். ஆனால் மரம் அன்றே விழாது. பார்க்கப் பச்சையாகவே நிற்கும். உள்ளே செத்த திசுவில் பாக்டீரியா மெல்லக் குடியேறும். மரம் சாய்ந்து விழ ஆண்டுக்கணக்கில் ஆகலாம். 1930களின் கடைசியில் விழுந்தவற்றில் பல, 1937லேயே கணக்கு முடிந்துபோனவை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விடை அதே ஊரில் முப்பது ஆண்டாக இருந்தது. டூசானின் டுமமாக் குன்றில் கார்னீஜி நிறுவனம் 1903இல் ஒரு பாலைவன ஆய்வகம் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த ஃபாரஸ்ட் ஷ்ரீவ், சகுவாரோ எத்தனை மணி நேரம் உறைநிலையைத் தாங்கும் என்று சோதித்து, இந்த இனத்தின் வடக்கு எல்லையைத் தீர்மானிப்பது குளிர்தான் என்று 1911லேயே எழுதிவிட்டார். அழுகலைப் பார்த்தவர்கள் நோயியல் வல்லுநரைத் தேடிப் போனார்கள், அந்தக் கட்டுரையைத் தேடிப் போகவில்லை. கையில் நுண்ணோக்கி இருப்பவருக்கு முதலில் கிருமிதானே தெரியும்.

வாரன் ஸ்டீன்பெர்க், சார்லஸ் லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960களிலிருந்து இதைப் பொறுமையாக அவிழ்த்தார்கள். 1962, 1971, 1978 என்று அடுத்தடுத்து வந்த உறைபனிகளுக்குப் பிறகு அழுகலும் சாவும் அலையாக எழுந்ததைப் பதிவு செய்தார்கள். காக்டஸ் காடு இருப்பதே சகுவாரோ வாழக்கூடிய பரப்பின் குளிர் விளிம்பில். டூசானுக்கு மேற்கே இருக்கும் மலைப்பகுதி அதைவிடத் தாழ்வு, அதைவிடச் சூடு. அங்கேயும் அதே பாக்டீரியா, அதே புழு. ஆனால் காடு இளமையாக, அடர்த்தியாக நின்றது. கிருமிதான் கொலைகாரன் என்றால் அங்கே மட்டும் ஏன் சும்மா இருந்தது?

இன்னொரு சாட்சி, அழுகலுக்குள்ளேயே இருந்தது. சகுவாரோவின் அழுகிய சதையை நம்பியே வாழும் பழ ஈ இனம் ஒன்று உண்டு. கூடவே பலவகை ஈஸ்ட், வண்டு, புழு. ஒரு உயிர்க்கூட்டமே ஒரு அழுகலை நம்பி உருவாகியிருக்கிறது என்றால் அது நேற்று வந்த கொள்ளைநோயாக இருக்க முடியாது. இறந்ததைச் செரித்து மண்ணுக்குத் திருப்பும் பழைய ஏற்பாடு அது. பாக்டீரியா பிணம் எடுக்க வந்த ஆள். அதைப் பிடித்துக் கொலைக்குற்றம் சாட்டிவிட்டார்கள்.

ஆக, இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தார்கள். கிழடுகள் செத்தது வயதாலும் குளிராலும். அதைத் தடுக்க யாராலும் முடியாது. கன்று வராமல் போனதற்குத்தான் மனிதர் காரணம். 1950களின் இறுதியில் காக்டஸ் காட்டில் மேய்ச்சலை நிறுத்தினார்கள். காளவாய்கள் அதற்கு முன்பே, 1920 வாக்கில், அணைந்திருந்தன. தாதி மரங்கள் மறுபடி தழைத்தன. ஒரே இடத்திலிருந்து பல பத்தாண்டுகளாக எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பெரிய மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதும் காடு வெறிச்சோடுவதும்தான் தெரியும். ஆனால் தரையில் குனிந்து புதருக்கடியில் தேடியவர்களுக்கு வேறு கணக்கு கிடைத்தது. கட்டைவிரல் அளவில் ஆயிரக்கணக்கான கன்றுகள் வந்திருந்தன. நூற்றாண்டு முடிந்தது, காடு முடியவில்லை. 1994இல் அந்த இடம் தேசியப் பூங்காவாகவும் உயர்ந்தது.

இன்று அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சில மரங்களின் கைகள் மேல்நோக்கி நிற்காமல் தோளிலிருந்து தொய்ந்து தரையைப் பார்த்துத் தொங்கும். அப்புறம் நுனி மட்டும் வளைந்து மறுபடி வானத்தைப் பார்த்துக் கிளம்பியிருக்கும். விதவிதமாக முறுக்கிக்கொண்டு நிற்பதால் எல்லோரும் படம் எடுப்பது அவற்றைத்தான். அந்தத் தொய்வு உறைபனியின் தழும்பு. குளிரில் கை தொங்கிப்போய், பிழைத்து, மறுபடி வளர்ந்தது.

மரங்கொத்தி போடும் பொந்தையும் பார்க்க வேண்டும். கிலா மரங்கொத்தி வாழும் தண்டில் ஒரு பெரிய ஓட்டையே போட்டுவிடும். அவ்வளவு ஈரச்சதை திறந்து கிடந்தால் அழுக வேண்டாமா? அழுகாது. ஓட்டையின் உட்சுவர் முழுக்கச் சகுவாரோ ஒரு தக்கைப் படலத்தை வளர்த்து மூடிவிடும். அது காய்ந்து கெட்டியான பிறகுதான் பறவை குடியேறும். மரம் செத்துச் சதையெல்லாம் கரைந்த பிறகும் அந்தத் தக்கைக் குடுவை மட்டும் பழைய செருப்பைப்போலத் தரையில் கிடக்கும்.

தொட்டிக்கு வந்தால்

மாடியில் வளர்க்கும் எகினோகாக்டஸுக்கும் மமில்லேரியாவுக்கும் உறைபனிப் பயம் கிடையாது. நம்மூரில் குளிரின் வேலையைத் தண்ணீர் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி தொடர்ந்து ஈரமாக இருக்கும்; வேர் மூச்சுவிட முடியாமல் சாகும்; தை மாதம் வெயில் ஏறும்போது செடி அடியில் மெத்தென்று ஆகும். உடனே பூஞ்சைக்கொல்லி வாங்க ஓடுகிறோம். செத்த வேருக்கு மருந்து ஊற்றி என்ன பயன்? கேட்க வேண்டிய கேள்வி, இரண்டு மாதத்துக்கு முன் இந்தத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நாள் நின்றது என்பது. தோட்ட மண்ணும் கோகோபீட்டும் நிறைந்த கலவையில் காக்டஸ் வைத்தால் இதுதான் நடக்கும். கலவையில் பாதிக்கு மேல் கல்லாக இருக்கட்டும்: சலித்த பருமணல், சின்ன ஜல்லி, உடைத்த செங்கல், பெர்லைட், எது கிடைக்கிறதோ அது. தூள் மட்டும் வேண்டாம். எம்-சாண்ட் போடுவதானால் அலசிச் சலித்துத் தூளை நீக்கிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் நாலு மாதத்தில் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடும். மழைக்காலத்தில் மேலே ஒரு கண்ணாடித்தகடு போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வேர் ஆழமாகப் போகாத ரகங்களுக்கு உயரத் தொட்டியும் வேண்டாம். அகலமான, தாழ்வான தொட்டி சீக்கிரம் காயும்.

அடி அழுகி, மேல்பாதி கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம். சுத்தமான கத்தியால், பழுப்பு நிறம் ஒரு புள்ளிகூட மிச்சமில்லாத வரை மேலே மேலே சீவிக்கொண்டே வர வேண்டும். பிறகு மண்ணில் வைக்காமல் நிழலில், காற்றோட்டமாக, வெட்டுவாய் தோல் கட்டும் வரை விட்டுவிடுங்கள். சின்ன வெட்டுக்கு ஒரு வாரம், கை அகல வெட்டுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும். மரங்கொத்திப் பொந்தில் சகுவாரோ செய்வதும் இதேதான். அவசரப்படாமல் காயவிடுவது மட்டும் நம் வேலை.

விதையில் வந்த கன்றைக் கொண்டுபோய் மே மாத மாடி வெயிலில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலோ வெர்டே இல்லாவிட்டால் பச்சை வலை இருக்கிறதே, அதைக் கட்டுங்கள். வளர்ந்த செடியையும் நர்சரி நிழலிலிருந்து நேராக வெயிலுக்கு மாற்றினால் ஒரு பக்கம் வெளுத்துத் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பு மறுபடி பச்சையாகாது. அரிசோனாவில் சகுவாரோவை இடம் மாற்றும்போது அது எந்தப் பக்கம் தெற்குப் பார்த்து நின்றது என்று குறித்துக்கொண்டு, புது இடத்திலும் அதே திசையில் நடுவார்கள். வெயிலுக்குப் பழகிய தோல் அந்தப் பக்கம்தான். தொட்டி விளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் நமக்கும் அதே வசதி.

இரவு வெப்பத்தைப் பற்றித்தான் நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. காக்டஸ் பகலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவு குளிர்ந்த பிறகு திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்து அமிலமாகச் சேர்த்து வைக்கும். மறுநாள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கும். இரவு குளிரவில்லை என்றால் இந்த ஏற்பாடு தடுமாறும். 2023 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அதைவிட மோசம், ஜூலையில் தொடர்ந்து 16 இரவுகள் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பருவமழையும் ஏமாற்றியது. நகரத்துச் சகுவாரோக்கள் கை உதிர்ந்தும் உள்ளே அழுகியும் சாய்ந்தன. 1939இல் தொடங்கிய அங்குள்ள பாலைவனத் தாவரத் தோட்டத்திலேயே மரங்கள் விழுந்தன. இந்த முறை கிருமியைத் தேடி யாரும் அலையவில்லை. சென்னை, கடலூர், தூத்துக்குடி பக்கம் மே மாத இரவுகள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த வாரங்களில் செடி வளராமல் சும்மா நிற்கும். வெயில் காலம் என்று வாளி வாளியாக ஊற்றினால் சூடான ஈரத்தில் வேர் வெந்துவிடும். மண் முழுக்கக் காய்ந்த பிறகு, சாயங்காலத்தில் அளவாக ஊற்றினால் போதும்.

இப்போது அங்கே

காக்டஸ் காட்டில் இன்று நிற்கும் இளசுகள் பெரும்பாலும் 1960களுக்கும் 1990களுக்கும் இடையில் வேர் பிடித்தவை. 1990களின் பிற்பகுதியிலிருந்து வறட்சி தொடர்வதால் புதுக்கன்றுகள் மறுபடி அரிதாகிவிட்டன. பூங்காவில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். பெரியவை எத்தனை செத்தன என்பதைவிடச் சின்னவை எத்தனை பிழைத்தன என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

புதிதாக வந்த தொல்லை ஒரு புல். காங்கேயம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் கொழுக்கட்டைப் புல்தான் அது. மாட்டுத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் என்று 1930களில் அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். சொனோரா பாலைவனத்தில் செடிக்குச் செடி வெறும் தரை கிடப்பதால் தீ பரவ வழியில்லாமல் இருந்தது; சகுவாரோ தீயைப் பழகியதே இல்லை. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. காய்ந்தால் நல்ல எரிபொருள், எரிந்தால் முதலில் துளிர்ப்பதும் அதுவே. பூங்கா ஊழியர்களும் தன்னார்வலர்களும் மலைச்சரிவுகளில் ஏறி அதை அழிக்கிறார்கள். களைக்கொல்லி வேலை செய்வது கோடை மழைக்குப் பின் புல் பச்சையாக இருக்கும் சில வாரங்கள் மட்டும்தான். மற்ற மாதங்களில் கடப்பாரையால் தூரோடு பெயர்க்கிறார்கள்.